வாய்தாவும் வரும்படியும்: வானம் பார்த்த சீமையில் வக்கீல்களின் மனநலம்

திருச்சுழியில் 1892 பிப்ரவரியில் இறந்த சுந்தரம் ஐயரை உலகம் ரமண மகரிஷியின் தந்தை என்றுதான் அறியும். ஊருக்கு அவர் வக்கீல். சிறு வயதிலேயே மாதம் 2 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கெழுதப் போனவர், பிறகு மனு எழுதிக் கொடுப்பவரானார். அதன்பின் முறையான சான்றிதழ் இல்லாமலேயே கோர்ட்டில் வழக்காட அனுமதி பெற்று பிளீடரானார். வீடு கட்டினார், வந்தவர் போனவர் எல்லாருக்கும் அந்த வீட்டில் சோறு இருந்தது என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அவர் கண்ணை மூடியதும் குடும்பம் கலைந்தது. மூத்த பையன்கள் இருவரும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்குப் போனார்கள். சிறு பிள்ளைகளோடு தாய் அழகம்மாள் மானாமதுரையில் இன்னொரு கொழுந்தனாரிடம் போய்ச் சேர்ந்தார். பக்தி நூல்கள் இந்தச் சாவை ஒரு ஞானியின் முன்கதையாகப் படிக்கின்றன. தொழிலின் வரலாறாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. நிலம் வைத்திருப்பவர் படுத்துவிட்டால் குத்தகைக்கு விடலாம். கடை வைத்திருப்பவர் படுத்துவிட்டால் மச்சினன் கல்லாவில் உட்காரலாம். வக்கீலின் வரும்படி அவருடைய உடம்பிலும் புத்தியிலும் மட்டும் இருக்கிறது. அவை இரண்டில் ஒன்று தளர்ந்த அன்றைக்கே அது நின்றுவிடும். நூற்று முப்பது ஆண்டுகளில் பட்டம் வந்தது, 1961இல் வழக்கறிஞர்கள் சட்டம் வந்தது, பார் கவுன்சில் வந்தது. இந்த அடிப்படை மட்டும் மாறவில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் வழக்கறிஞர்களின் மனநலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் தனிமனிதரின் மனத்திடத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டிய இடம் அதுவல்ல. காசு எப்போது வரும், வழக்கு எப்போது எடுப்பார்கள், வக்கீல் படுத்துவிட்டால் அவருடைய வழக்குக் கட்டுகளை யார் கையில் எடுப்பார் என்ற மூன்று கேள்விகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தத் துறையில் உலகம் அறிந்த ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. 1990இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நூற்றுக்கு மேற்பட்ட தொழில்களை ஒப்பிட்டபோது, மற்றவர்களைவிட வழக்கறிஞர்களுக்குக் கடும் மனச்சோர்வு 3.6 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். 2016இல் வெளியான இன்னொரு ஆய்வில் 12,825 அமெரிக்க வழக்கறிஞர்கள் கலந்துகொண்டார்கள். அவர்களில் 20.6 விழுக்காட்டினரின் குடிப்பழக்கம் சிக்கலான நிலையில் இருந்தது. 28 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. சர்வதேச வழக்கறிஞர் சங்கம் 2021இல் பல நாடுகளில் நடத்திய கணக்கெடுப்பில், உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் வழக்கறிஞர்களின் சராசரி நூற்றுக்கு 51 என்று வந்தது. 52க்குக் கீழே போனால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது என்பது அந்த அளவுகோலின் கணக்கு. இந்த எண்கள் ஒன்றை ஐயமில்லாமல் நிறுவுகின்றன: எதிராளியின் பிழையைத் தேடுவதையும், வரக்கூடிய கேட்டை முன்கூட்டியே கற்பனை செய்வதையும் அன்றாட வேலையாகக் கொண்ட தொழில் மனத்தை அரிக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகள் சொல்லும் காரணங்களை அப்படியே இங்கே இறக்குமதி செய்துகொள்ள முடியாது. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் எழுதி, ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் காட்டியாக வேண்டிய பெரிய நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு வேலைப் பளு நோய். அருப்புக்கோட்டை முன்சீப் கோர்ட் வராந்தாவில் நிற்பவருக்கு நோய் பெரும்பாலும் அதற்கு நேர் எதிரானது. வேலை வருமா என்று தெரியாது, வந்த வேலை நகருமா என்று தெரியாது, நகர்ந்தாலும் காசாகுமா என்று தெரியாது.

காசிலிருந்து தொடங்குவோம். இது கண்மாய்ப் பாசனமும் கரிசல் மானாவாரியுமான சீமை. விதைப்பு வடகிழக்குப் பருவமழையை நம்பி நடக்கிறது. மிளகாய், பருத்தி, மக்காச்சோளம், குதிரைவாலி போட்டவர் கையில் காசு புரளுவது தை, மாசியில். அந்தக் காசை நம்பித்தான் வக்கீலின் பீஸும் இருக்கிறது. ‘வெள்ளாமை எடுத்துத் தந்துடுறேன் சார்’ என்று சொல்லும் கட்சிக்காரர் ஏமாற்றுக்காரரல்லர். மழை பொய்த்தால் இருவருக்கும் சேர்ந்தே பொய்க்கிறது. இந்தக் கணக்கு கோர்ட்டின் நாட்காட்டிக்குத் தெரியாது. மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை; சிவில் பக்கம் மட்டும் பார்ப்பவருக்கு அந்த மாதம் பெரும்பாலும் வெறும் மாதம். சீனியர்கள் இதையெல்லாம் நிலமோ வாடகையோ கொண்டு சமாளித்துவிடுவார்கள். ஜூனியரின் நிலை வேறு. சட்டப்படி அவர் முழுநேரச் சம்பள வேலைக்குப் போகக்கூடாது, தானே முன்நின்று வியாபாரம் செய்யக்கூடாது, விளம்பரம் செய்து கட்சிக்காரரைப் பிடிக்கக்கூடாது. பார் கவுன்சில் விதிகள் இத்தனை கதவுகளை அடைக்கின்றன. தொழிலின் கண்ணியம் கருதி அடைத்தவை, சரி. ஆனால் திறந்து வைத்த கதவு எது என்று பார்த்தால், சீனியர் மாதக் கடைசியில் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான். 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் இதில் தலையிட்டது. சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் ஜூனியருக்குக் குறைந்தது 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று அறிவுறுத்தும்படி தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம், பதிவுக் கட்டணமாகச் சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு மேல் மாநில பார் கவுன்சில்கள் வாங்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய். பல்லாயிரக் கணக்கில் வாங்கிக்கொண்டிருந்த கட்டணம் விளிம்பிலிருந்து வருபவர்களைத் தொழிலின் வாசலிலேயே நிறுத்துகிறது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. மனநலம் என்ற சொல்லே இல்லாத இந்த இரண்டு ஆணைகளும் வக்கீல்களின் மனநலத்துக்குச் செய்யக்கூடியதை நூறு தியான முகாம்கள் செய்ய முடியாது என்பது என் கருத்து.

அடுத்தது காலம். அருப்புக்கோட்டையில் சப் கோர்ட்டும் முன்சீப் கோர்ட்டும் மாஜிஸ்திரேட் கோர்ட்டும் உண்டு. ஆனால் மாவட்டத் தலைமைக் கோர்ட் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், கலெக்டர் ஆபீஸ் விருதுநகரில், உயர்நீதிமன்றக் கிளை 2004 முதல் மதுரையில். ஒரு சின்ன ஊர் வக்கீலின் வாரம் இந்த நான்கு திசையிலும் பஸ்ஸில் கழிகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் வழக்கு எடுக்கப்படுமா என்பதற்கு உறுதியில்லை. காலையில் எல்லா நம்பரையும் கூப்பிடுகிறார்கள். ‘ஆஜர்’ சொல்லிவிட்டு உட்கார வேண்டும். சாட்சி வரவில்லை, நீதிபதி விடுப்பு, நகல் வரவில்லை, சர்வேயர் அறிக்கை வரவில்லை, எதிர்க்கட்சி வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார். முடிவில் வாய்தா. ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் எழுதிவைத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் 4 கோடிக்கு மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கும்போது அந்த எழுத்துக்கு என்ன மரியாதை இருக்கும்? தக்ஷ் என்ற பெங்களூர் ஆய்வு அமைப்பு 2016இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, ஒரு நாள் கோர்ட்டுக்கு வந்து போக சிவில் வழக்காளி சராசரியாக 497 ரூபாய் செலவழிக்கிறார். அன்றைய கூலியாக 844 ரூபாய் இழக்கிறார். அந்த 1,341 ரூபாயின் ஆத்திரத்தை அவர் நீதிபதியிடம் காட்ட முடியாது, சட்டத்திடம் காட்ட முடியாது. பக்கத்தில் கறுப்புக் கோட்டோடு நிற்பவரிடம்தான் காட்ட முடியும். தன் கையில் இல்லாத ஒன்றுக்குத் தினமும் பதில் சொல்லிக்கொண்டிருப்பதுதான் இந்தத் தொழிலின் களைப்பு. கட்டுப்பாடு இல்லாமல் பொறுப்பு மட்டும் உள்ள வேலை உடம்பையும் மனத்தையும் கெடுக்கிறது என்பது தொழில்சார் உளவியலில் நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. நகரத்து வழக்கறிஞர் அந்தப் பதிலைச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிடலாம். இங்கே அதே கட்சிக்காரரோடு ஒரே பஸ்ஸில் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதே சாதிச் சங்கக் கல்யாண மண்டபத்தில் பந்தியில் எதிரெதிரே உட்கார வேண்டும். வழக்கில் எதிரி யார் என்பதும் உறவுமுறையில்தான் இருக்கிறது. பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, வண்டிப்பாதை என்று எதை எடுத்தாலும் இரு தரப்பும் வக்கீலுக்குத் தெரிந்த குடும்பங்கள்.

இவை போக, கேட்டுக் கேட்டுச் சேரும் துயரமும் இருக்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றின் கட்டை எடுத்துக்கொள்வோம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, வாரிசுச் சான்று, ரேஷன் கார்டு நகல். எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருப்பார். வக்கீல் செய்ய வேண்டியது கணக்கு. இறந்தவருக்கு 33 வயது, தறியில் மாதம் 12,000 ரூபாய் சம்பாதித்தார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதுக்குக் கீழே இருந்து சொந்த உழைப்பில் சம்பாதித்தவர் என்பதால் 2017ஆம் ஆண்டு பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால வளர்ச்சிக்கு 40 விழுக்காடு கூட்டினால் 16,800. அவரை நம்பி நான்கு பேர் இருந்தால், உயிரோடிருந்தால் அவர் தனக்கென்று செலவழித்திருப்பார் என்று நாலில் ஒரு பங்கைக் கழித்து 12,600. ஆண்டுக்கு 1,51,200. அந்த வயதுக்கு 2009ஆம் ஆண்டு சர்ளா வர்மா தீர்ப்பு கொடுத்திருக்கும் பெருக்கு எண் 16. மொத்தம் 24,19,200. பிறகு மனைவியின் துணை இழப்புக்கு ஒரு தொகை, ஈமச் செலவுக்கு ஒரு தொகை. காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் குறுக்கு விசாரணையில், அவ்வளவு சம்பாதித்தார் என்பதற்கு ஆதாரம் எங்கே என்பார். சம்பளச் சீட்டு இல்லாத தொழிலில் அவர் கேட்பதும் நியாயம்தான். அந்தப் பெண்ணுக்கு இந்தக் கணக்கின் ஒவ்வொரு வரியையும் விளக்கிச் சொல்ல வேண்டியவர் நம் வக்கீல், அதுவும் கண் கலங்காமல். மதியத்துக்குள் இப்படி இரண்டு மூன்று கட்டுகள் இருக்கலாம். சாத்தூர், சிவகாசி பக்கத்துப் பட்டாசு விபத்துகள், ஜீவனாம்ச மனுக்கள், போக்சோ வழக்கில் குழந்தையின் வாக்குமூலம் எல்லாம் இதே ரகம். துன்பப்பட்டவர்களோடு பழகும் வழக்கறிஞர்களிடம், அதே வேலையில் இருக்கும் மனநலப் பணியாளர்களைவிட அதிகமாக அந்தத் துயரம் தொற்றிக்கொள்கிறது என்று 2003இல் லெவின், கிரைஸ்பெர்க் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனநலப் பணியாளருக்கு அதைத் தாங்குவதற்குப் பயிற்சியும் மேற்பார்வையாளரும் உண்டு. சட்டக் கல்லூரியில் அதற்கு ஒரு வகுப்பும் கிடையாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வெடி ஆலையில் மருந்து செலுத்தும் பெண்ணையும், அருப்புக்கோட்டைத் தறிகளில் நாள் முழுக்க நிற்பவரையும் விட்டுவிட்டு, கறுப்புக் கோட்டு போட்டவருக்கு இரக்கம் கேட்பது என்ன நியாயம்? நடுவண் அரசு 2018இல் வளர்ச்சியில் முன்னேறத் துடிக்கும் மாவட்டங்கள் என்று பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து சேர்க்கப்பட்ட இரண்டில் ஒன்று விருதுநகர், மற்றொன்று ராமநாதபுரம். அப்படிப்பட்ட மண்ணில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் நான் இரக்கம் கேட்கவில்லை. முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மேல் அப்பீல் போட 30 நாள். உயர்நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கேட்கவும் 30 நாள். மூன்று வாரம் ஆபீஸ் பக்கமே வர முடியாமல் முடங்கிக் கிடந்த வக்கீலின் மேஜையில் இந்தக் கெடுக்களில் ஒன்று தவறினால், போவது வக்கீலின் நிலமல்ல; அந்தத் தறிக்காரரின் வீடு, அந்த வெடி ஆலைப் பெண்ணின் இழப்பீடு. வழக்கறிஞரின் சேவைக் குறைபாட்டை நுகர்வோர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது என்று 2024 மே மாதம் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே கட்சிக்காரருக்குத் தொழிலின் உள்ளேயே பாதுகாப்பு இருந்தாக வேண்டும். தன்னைத் தானே ஆண்டுகொள்ளும் உரிமையைக் கேட்டு வாங்கிய தொழில், தன் உறுப்பினர் வேலை செய்யும் நிலையில் இருக்கிறாரா என்று பார்க்கும் கடமையையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறது. இப்போது நடப்பது என்ன? கெடு தவறிய பிறகு புகார் வரும், புகாருக்குப் பிறகு ஒழுங்கு நடவடிக்கை வரும். குடியும் சோர்வும் அந்தக் கோப்பில் நோயாகப் பதிவதில்லை, தவறான நடத்தையாகப் பதிகின்றன.

‘நாங்கள் எல்லாம் அப்படித்தான் வந்தோம், தாங்குகிறவன் நிற்பான்’ என்று சீனியர்கள் சொல்வதும் ஒரு வாதமே. ஐந்து வருடம் பட்டினி கிடந்தால்தான் தொழில் பிடிபடும் என்பது பார் அறைகளில் வேதவாக்கு. அதில் உண்மை கொஞ்சம் உண்டு. வராந்தாவில் நின்று கேட்ட குறுக்கு விசாரணை கற்றுக்கொடுப்பதை எந்தப் புத்தகமும் கற்றுக்கொடுக்காது. ஆனால் அந்த ஐந்து வருடத்தைத் தாண்டியவர்கள் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அப்பாவின் ஆபீஸ் இருந்தவர், நிலம் இருந்தவர், மனைவி அரசு வேலையில் இருந்தவர். முதல் தலைமுறைப் பட்டதாரி, பெண், தலித் இளைஞர் ஆகியோர் விலகிப் போனது அவர்களின் மனத்திடக் குறைவால் என்று சொன்னால், தூண்டிவிட்ட விளக்கு எரிந்ததைக் காட்டி எண்ணெய் ஊற்றாத விளக்கைக் குறை சொன்னதாகத்தான் ஆகும். கோர்ட் வளாகங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் வாதாடிய ஒரு தலைமுறைப் பெண் வக்கீல்களின் தாங்கும் சக்தியைப் பாராட்டுவதா, அதைக் கோரிய அமைப்பைக் கேள்வி கேட்பதா?

ரமணர் பிறந்த ஊரைப் பற்றிப் பேசுவதால், விடை உள்ளே இருக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். தியானத்தையும் யோகத்தையும் நான் குறைத்துப் பேசவில்லை. நோயின் ஒரு பகுதியை அவை ஆற்றும். ஆனால் ரமணரின் முதல் முழுமையான ஆங்கில வாழ்க்கை வரலாற்றை 1931இல் எழுதியவரே ஒரு வக்கீல் என்பதை நினைவில் வைக்க வேண்டும். சேலத்தில் பெயரெடுத்த வழக்கறிஞர், சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினர் பி. வி. நரசிம்ம ஐயர். 1921இல் தன் பிள்ளைகள் இருவர் கிணற்றில் மூழ்கி இறந்த பிறகு அவரால் பழையபடி தொழில் செய்ய முடியவில்லை. சில ஆண்டுகளில் எல்லாவற்றையும் விட்டுத் துறவியானார். நரசிம்ம சுவாமியாக அவர் பெற்றது பெரிது. தொழிலின் பக்கம் நின்று பார்த்தால், பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒருவருக்குத் தொழிலுக்குள் இருந்துகொண்டே துக்கம் ஆற ஒரு இடம் இருக்கவில்லை. இருந்த ஒரே வழி வெளியேறுவது. எல்லாரும் நரசிம்ம சுவாமி ஆக முடியாது. வெளியேறவும் முடியாமல் உள்ளே நிற்கவும் முடியாமல் இருப்பவர்களைப் பற்றித்தான் பேச்சு.

சிகிச்சைக்குப் போனால் வழக்காடும் சன்னது போய்விடுமோ என்ற பயம் இவர்களிடம் இருக்கிறது. சட்டம் தெரிந்தவர்களிடமே இந்தப் பயம் இருப்பதுதான் விசித்திரம். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஏ பிரிவு யாரைப் பதிவு செய்யக்கூடாது என்று சொல்கிறது; அதில் மனநோய் இல்லை. பெயரை நீக்குவது பற்றிய 26ஏ பிரிவு, இறந்தவர் அல்லது தானே விண்ணப்பித்தவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. 2018 மே முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது: ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று கண்டறிந்த காரணத்தாலேயே அவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவராகக் கொள்ளக்கூடாது, அதைத் தகுதியுள்ள நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும். உடல்நோய்க்கு உள்ளதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு உண்டு என்கிறது அதே சட்டம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் பதிவு விண்ணப்பத்திலேயே மனநோய் சிகிச்சை பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்வியை நீக்க அங்கே போராட வேண்டியிருந்தது. நம் சட்டத்தில் அப்படி ஒரு தடை ஆரம்பத்திலிருந்தே இல்லை. தடை இருப்பது பஜாரில். மனநல மருத்துவமனை வாசலில் யார் வண்டி நிற்கிறது என்பது சாயங்காலத்துக்குள் பார் அறைக்குத் தெரிந்துவிடும் ஊர் இது. ‘அவருக்கே கவுன்சிலிங்காம், நம்ம கேஸை அவர் எங்கே பார்க்கப் போறார்’ என்ற ஒரு வாக்கியம் போதும், பத்துக் கட்டு கைமாறும். ஆகவே முதல் படியாக முகம் காட்டத் தேவையில்லாத வழிதான் இங்கே பயன்படும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் தமிழிலேயே பேசுகிறது, காசும் கிடையாது. பார் அசோசியேஷன் அறிவிப்புப் பலகையில் கோர்ட் புறக்கணிப்பு அறிவிப்புகளுக்குப் பக்கத்தில் அதை ஒட்டுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

எனினும் அமைப்பைத் திருத்தாமல் தொலைபேசி எண்ணை மட்டும் கொடுப்பது பாதி வேலை. ஜூனியர் உதவித்தொகைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் வலுவானது: திருச்சுழியில் ஒரு சீனியரே மாதம் எவ்வளவு பார்க்கிறார், அவர் 15,000 எங்கிருந்து எடுப்பார்? கட்டாயப்படுத்தினால் ஜூனியரையே சேர்த்துக்கொள்ள மாட்டார். இது உண்மை. அதனால்தான் சுமையை ஒரு தனி மனிதர் மேல் வைக்கக்கூடாது என்கிறேன். ஆந்திரத்தில் 2019இல் இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் அரசே கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் 2020இல் ஏழைக் குடும்பத்து இளம் வழக்கறிஞர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 3,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. தொகை சிறிது, ஆனால் திசை சரி. பின்தங்கிய தாலுகாக்களில் சீனியர் ஒரு பங்கும் அரசும் நல நிதியும் மறு பங்கும் ஏற்றால் கணக்கு நேராகும். 1987ஆம் ஆண்டின் தமிழ்நாடு வழக்கறிஞர் நல நிதிச் சட்டம், வக்கீல் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் கிடைக்க வழிசெய்தது. அந்தத் தொகை படிப்படியாக உயர்ந்து 10 லட்சம் ஆகியிருக்கிறது. சுந்தரம் ஐயர் குடும்பத்துக்குக் கிடைக்காதது இன்றைய குடும்பத்துக்குக் கிடைக்கிறது. சாவுக்கு இவ்வளவு யோசித்த நிதி, ஆறு மாதம் கோர்ட்டுக்கு வர முடியாமல் போகிறவருக்கும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதைவிட எளிதாக, ஒரு பைசா செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பார் கவுன்சில் விதிகளில் 39ஆவது விதி, ஏற்கெனவே ஒருவர் வக்காலத்து போட்ட வழக்கில் அவர் சம்மதமோ கோர்ட் அனுமதியோ இல்லாமல் இன்னொருவர் ஆஜராகக்கூடாது என்கிறது. தொழில் மரியாதைக்காக வந்த நல்ல விதி. ஆனால் சோர்ந்து படுத்திருப்பவரிடம் போய் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குவது அவரைத் தொழிலிலிருந்தே இறக்கிவிடுவதாகிறது. அவரும் கொடுக்க மாட்டார், கட்டும் நகராது. இதற்குப் பதில், புதிதாகப் போடும் ஒவ்வொரு வக்காலத்திலும் நம்பிக்கையான இன்னொரு வக்கீலின் பெயரையும் கூட்டாகச் சேர்த்துவிடலாம்; படிவத்தில் இடம் இருக்கிறது, சட்டத்தில் தடை இல்லை. கட்சிக்காரர் நாளை அவரிடமே போய்விடுவாரே என்று சீனியர் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு அடிப்படை இருக்கிறது. அதனால் இரண்டு தனி மனிதர்களின் நட்பில் இதை விடாமல், அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் உள்ள சங்கங்கள் ஒரு பதிவேடு வைத்து, மாற்றாக ஆஜரான காலத்துக்கு அந்தக் கட்சிக்காரரைத் தன் பக்கம் எடுத்துக்கொள்ளக்கூடாது என்றும், வந்த பீஸில் பங்கு எப்படி என்றும் எழுதி ஒப்புக்கொள்ளலாம். அப்போது ஒருவர் மூன்று வாரம் மதுரையில் சிகிச்சைக்குப் போனாலும் அவருடைய நம்பர் கூப்பிடும்போது ‘ஆஜர்’ சொல்ல ஒரு ஆள் இருப்பார். ஏன் வரவில்லை என்று யாரும் காரணம் கேட்கத் தேவையிருக்காது.